ஐம்பத்தெட்டாம் அகவை

என் அக்காள் புருஷன் விமலன் போன வருஷம் என்னைக் கூப்பிட்டு, தன் வாழ்க்கைக் குறிப்பை எழுதித் தரும்படி கேட்டார். தான் செத்த பிறகு அச்சடிப்பதற்காக. இதைக் கேட்டபோது அவர் செந்தூல் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, சோற்றில் அப்பளத்தை நொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். ஆள் இன்றைக்கும் அதே மேசையில்தான் சாப்பிடுகிறார். யாரும் பதற வேண்டாம்.

எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு வருகிறவர்களுக்குச் சாப்பாட்டோடு ஒரு சின்னப் புத்தகமும் கொடுப்போம். கல்வெட்டு என்று அதற்குப் பெயர். அட்டையில் இறந்தவரின் படம், உள்ளே பக்திப் பாடல்கள், நடுவில் அவருடைய வாழ்க்கைக் குறிப்பு, கடைசிப் பக்கத்தில் குடும்பத்தாரின் நன்றி. மலேசியாவுக்கு வந்து நூறு வருஷமாகிவிட்டது, பாதிப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டக்கூடத் தெரியாது, ஆனாலும் இந்தப் புத்தகம் மட்டும் நிற்காமல் அச்சாகிக்கொண்டே இருக்கிறது. அதில் வருகிற எல்லாரும் நல்லவர்கள். எரிந்து விழுகிறவர் 'கண்டிப்பானவர்' ஆகிவிடுவார். பத்து வீட்டுச் சண்டையை விலைக்கு வாங்குகிறவர் 'ஊர் நலனில் அக்கறை கொண்டவர்' ஆகிவிடுவார். நான் இடைநிலைப்பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுப்பவள். அதனால் சொந்தத்தில் யார் போனாலும் இந்த வேலை என் தலையில்தான் வந்து விழும்.

"கிருஷாந்துக்குத் தமிழ் எழுத வராது. வேற யாராச்சும் எழுதினா பிழை விட்டுருவாங்க. நீயே எழுதிடு லா, சுரேகா. நானும் ஒரு தரம் பார்த்துட்டா நிம்மதி" என்றார். கிருஷாந்த் அவருடைய ஒரே பிள்ளை. பினாங்கில் வேலை.

"உங்களுக்கு என்ன அத்தான் அவசரம்?"

"எனக்கு என்ன அவசரம்? அதுக்கு நேரம் வந்துருச்சு."

என் அக்கா நிரஞ்சனி ரசச் சட்டியை மேசைமேல் வைத்தாள். வைத்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. ரசம் பாதி மேசைவிரிப்பில் கிடந்தது.

அத்தானுக்கு அப்போது ஐம்பத்தெட்டு நடந்துகொண்டிருந்தது. இருதயத்தில் ஒரு வால்வு இறுகிப்போய், மூன்று படி ஏறினால் மூச்சு வாங்கியது. அறுவைச் சிகிச்சை செய்து வால்வை மாற்றிவிட்டால் இன்னும் இருபது வருஷம் தாராளமாக இருக்கலாம், மாற்றாவிட்டால் ரொம்ப நாள் தாங்காது என்று டாக்டர் கூட்டிக் குறைக்காமல் சொல்லிவிட்டார். அத்தான் கேட்டுக்கொண்டார், நன்றி சொன்னார், எழுந்து வந்துவிட்டார். அறுவைச் சிகிச்சை வேண்டாமாம். அக்கா அழுதாள், கத்தினாள், இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். அவர் அசையவில்லை. "வர்றது வரட்டும் நிரா. என் நேரம் இதுதான்னு எனக்கு முந்தியே தெரியும்" என்றார்.

எப்படித் தெரியும்? அதற்கு ஒரு புத்தகம்தான் காரணம்.

அத்தான் வளர்ந்தது பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில். அவருடைய அப்பா கார்த்திகேசு ரயில்வேயில் கிளார்க். அப்பாவின் அப்பா கந்தையாவும் அங்கேதான் கிளார்க். அத்தான் படித்தது மலாய்ப் பள்ளி. பிள்ளைக்குத் தமிழ் மறந்துவிடக் கூடாது என்று அப்பா சாயங்காலங்களில் பக்கத்தில் உட்கார வைத்து வாசிக்கச் சொல்லுவார். வீட்டில் வாசிக்க இருந்த ஒரே தமிழ்ப் புத்தகம் தாத்தா கந்தையாவின் கல்வெட்டு. பச்சை அட்டை, கோட்டும் டையும் போட்ட படம். ஒன்பது வயதில் அத்தான் அதைத்தான் எழுத்துக் கூட்டி, பிறகு சரளமாக, பிறகு மனப்பாடமாக வாசித்தார்.

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. அத்தான் பிறந்தது தாத்தா இறந்து மூன்று வருஷம் கழித்து. அதே புருவம், அதே இடதுகைப் பழக்கம், கோபம் வந்தால் காது மட்டும் சிவக்கிற அதே கோளாறு. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் அவரைப் பார்த்து, "கந்தையாவே திரும்பி வந்திருக்கார்" என்பார்களாம். பெரியவர்கள் ஒரு பேச்சுக்குச் சொல்லிவிட்டுக் கோப்பி குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். பிள்ளை அப்படியே நம்பிவிட்டது. தான்தான் தாத்தா என்றால், அந்தப் பச்சைப் புத்தகத்தில் எழுதியிருப்பது தன் கதைதானே? நான் பிறப்பேன், படிப்பேன், உத்தியோகம் பார்ப்பேன், கல்யாணம் கட்டுவேன். கடைசியில் இந்த வரி: 'ஐம்பத்தெட்டாம் அகவையில், நோய்நொடி ஏதுமின்றி, உறக்கத்திலேயே இறைவனடி சேர்ந்தார்.'

"அகவைன்னா என்னப்பா?" என்று கேட்டிருக்கிறார்.

"வயசுடா" என்று அப்பா சொல்லியிருக்கிறார். அடுத்த வரியை வாசிக்கச் சொல்லியிருக்கிறார்.

அவ்வளவுதான் நடந்தது. அந்த மனிதருக்குப் பிள்ளையின் தலைக்குள் என்ன போய் உட்கார்ந்தது என்று எப்படித் தெரியும்? பிள்ளையும் சொல்லவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஐம்பத்தெட்டு என்பது எவ்வளவோ தூரம். பயமே வரவில்லையாம், சந்தோஷம்தான் வந்ததாம். "அதுவரைக்கும் எனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு தோணுச்சு. இருட்டுல பாத்ரூம் போறதுக்குக்கூட அதுக்கப்புறம் நான் யாரையும் எழுப்பல" என்று ஒரு தடவை என்னிடம் சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் எதற்கும் பயப்படவில்லை. படிப்பு முடித்து லிஃப்ட் பழுதுபார்க்கிற வேலைக்குப் போனார். இருபது மாடி, முப்பது மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் நடுவழியில் நின்றால், மற்றவர்கள் இடுப்பில் கட்டிய பட்டையை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இவர் இறங்கிப் போய்க்கொண்டிருப்பார். பெடரல் ஹைவேயில் மோட்டார் சைக்கிள் சறுக்கி விழுந்து, முழங்காலில் ரத்தம் வழிய எழுந்து, எதிர்க் கடையில் ஒரு தே தாரிக் டீ குடித்துவிட்டு வேலைக்குப் போனவர். ஷா ஆலாமில் பெரிய வெள்ளம் வந்தபோது, யாரோ ஒருவருடைய படகில் ஏறிப்போய், முன்பின் தெரியாத சனங்களை மாடியிலிருந்து இறக்கிக்கொண்டு வந்தார். தலைக்குமேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்பார்கள். இவருக்கு வெள்ளமே ஒரு பொருட்டில்லை.

சொந்தக்காரர்கள் இதையெல்லாம் சொல்லிச் சொல்லி மெச்சுவார்கள். எனக்கு எரிச்சலாக வரும். கேள்வித்தாள் முன்கூட்டியே கைக்குக் கிடைத்த மாணவன் பரீட்சைக்குப் பயப்படாமல் போவது ஒரு வீரமா?

அவருக்கு இருபத்தாறு வயதாக இருக்கும்போது அப்பா கார்த்திகேசு இறந்தார். மாரடைப்பு. அவருக்கும் ஐம்பத்தெட்டு. முப்பத்தோராம் நாள் வந்த கல்வெட்டிலும் அதே வரி, அதே 'அகவை'. அதுவரை பாதி விளையாட்டாக இருந்த நம்பிக்கை அன்றைக்கு இரும்பாகிவிட்டது.

அடுத்த வருஷம் என் அக்காளைக் கட்டினார். கட்டுவதற்கு முன்பே, பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வைத்துச் சொல்லியிருக்கிறார், "நான் ஐம்பத்தெட்டு வரைக்கும்தான் இருப்பேன், உனக்குச் சம்மதமா?" என்று. அக்கா அதை ஒரு ஜோக் என்று நினைத்து, "அதுக்குள்ள எனக்கே அலுத்துரும்" என்றிருக்கிறாள். ஜோக் இல்லை என்று அவளுக்குத் தெரிவதற்குள் கிருஷாந்த் பிறந்துவிட்டான்.

நல்ல புருஷன்தான், அதில் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் என் அக்காளை முப்பது வருஷமாக அவர் கைம்பெண்ணாக இருக்கப் பழக்கினார். கார் ஓட்டப் பழக்கினார். குழாய் ஒழுகினால் எந்த வால்வைத் திருகவேண்டும், ஃபியூஸ் போனால் எந்தப் பெட்டியைத் திறக்கவேண்டும், எல்லாம் பாடம். சொல்லிக்கொடுக்கும்போதெல்லாம், "பின்னால உனக்கு உதவும்" என்பார். செமினியில் தரைவீடு ஒன்று வாங்கி, வயதான காலத்தில் நாலு செடி வைத்துக்கொண்டு இருக்கலாம் என்று அக்காவுக்கு ரொம்ப ஆசை. "வயசான காலம் உனக்குத்தான் நிரா. தனியா அவ்வளவு தூரத்துல இருந்து என்ன பண்ணுவே? செந்தூல்லயே இருப்போம். சுரேகா பக்கத்துல இருப்பா" என்றார். என்ன அன்பாகச் சொன்னார் தெரியுமா? அன்றைக்கு அக்கா என் வீட்டுக்கு வந்து சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள். கூட உட்கார்ந்து நானும் அழுதேன், நடுநடுவே அவரைத் திட்டிக்கொண்டு.

இப்போது அந்த ஐம்பத்தெட்டு வந்தேவிட்டது. கூடவே வால்வும்.

நான் என்னால் ஆன மட்டும் வாதாடினேன். "புத்தகத்துல நோய்நொடி இல்லாமன்னுதானே போட்டிருக்கு? உங்களுக்கு நோய் வந்துருச்சே. அப்ப புத்தகம் பொய்தானே?" என்று மடக்கினேன்.

அவர் சிரித்தார். "நோய்நொடி இல்லாமங்கறதெல்லாம் கல்வெட்டுல மரியாதைக்குப் போடறது. நீயே எத்தனை பேருக்கு எழுதியிருக்கே? அதுல எல்லாம் கூட்டிக் குறைச்சுத்தான் இருக்கும். வயசு மட்டும் பொய் சொல்லாது லா."

அதுவும் நிஜம்தான். நான் எழுதிய கல்வெட்டுகளிலும் வயது ஒன்றுதான் நான் கற்பனை செய்யாத விஷயம்.

கடைசியில் எழுதித் தருகிறேன் என்று ஒத்துக்கொண்டேன். மனம் மாறி அல்ல. எழுதுகிற சாக்கில் அவரோடு பேசிக்கொண்டே இருந்தால் எங்கேயாவது ஒரு பிடி கிடைக்காதா என்றுதான். அவருக்கு ஒரே குஷி. அட்டைக்கு எந்தப் படம், உள்ளே எந்தப் படம் என்று திட்டம் போட்டார். பழைய குவார்ட்டர்ஸ் படம் ஒன்று வேண்டும், அப்பா சின்னப் பையனாக நிற்பது இருந்தால் இன்னும் நல்லது என்றார். அவர்கள் வீட்டுப் படங்களைக் கறையான் தின்றுவிட்டது. கிள்ளானில் மார்க்கிரட் ஆன்டி இருக்கிறார், அவரிடம் கட்டாயம் இருக்கும், போய்க் கேட்போம் என்றார். மூச்சு வாங்குகிறவரைத் தனியாக அனுப்ப முடியுமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான்தான் காரை ஓட்டினேன். அக்கா வரவில்லை. "புருஷன் சாவுக்குப் படம் பொறுக்க நான் வரணுமா?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மார்க்கிரட் ஆன்டிக்குத் தொண்ணூறுக்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. குவார்ட்டர்ஸில் இவர்களுக்கு அடுத்த வீடு. அவருடைய அப்பாவும் தாத்தா கந்தையாவும் யாழ்ப்பாணத்தில் ஒரே பள்ளியில் படித்து, ஒரே கப்பலில் வந்து, ஒரே ஆபீசில் உட்கார்ந்தவர்கள். ஆன்டி வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். கல்வெட்டுப் போடுகிற வழக்கம் அவர்களுக்குக் கிடையாது. ஆனால் குவார்ட்டர்ஸில் செத்த ஒருவருடைய கல்வெட்டையும் அவர் வாசிக்காமல் விட்டதில்லை.

படப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார், "இப்ப ஆருக்குக் கல்வெட்டு?"

"எனக்குத்தான் ஆன்டி" என்றார் அத்தான், கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவர் மாதிரி.

ஆன்டி என்னைப் பார்த்தார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அத்தான் பொறுமையாக விளக்கினார். தாத்தாவுக்கு ஐம்பத்தெட்டு, அப்பாவுக்கு ஐம்பத்தெட்டு, தனக்கும் ஐம்பத்தெட்டு வந்துவிட்டது, இருதயமும் அதற்குத் தோதாகக் கெட்டுவிட்டது, ஆகவே அறுவைச் சிகிச்சை செய்துகொள்வதில் அர்த்தமில்லை.

"ஆருக்கு அம்பத்தெட்டு? கந்தையா அங்கிளுக்கா?" ஆன்டி பெட்டி மூடியைச் சாத்தினார்.

"ஆமா ஆன்டி. கல்வெட்டுல போட்டிருக்கே."

"கல்வெட்டுல போடுவாங்க. கல்வெட்டை எழுதினது ஆபீஸ் ஆள். ஆபீஸ்ல இருக்கிற வயசைத்தானே அவர் போடுவார்? உங்க தாத்தா செத்தப்ப அறுபத்தேழு."

அத்தான் சிரித்தார். வயதானவர்கள் குழப்பிக்கொள்வார்கள் என்பது போல ஒரு சிரிப்பு. ஆன்டிக்கு அது பிடிக்கவில்லை.

"இங்க பார் விமலன். என் அப்பாவும் அவரும் ஒரே வகுப்பு. ஒரே வாங்குல உட்கார்ந்து படிச்சவங்க. அவர் செத்த வருஷம் என் அப்பாக்கு அறுபத்தேழு. ஒரே வகுப்புல படிச்ச ஒருத்தருக்கு அறுபத்தேழு, மத்தவருக்கு அம்பத்தெட்டா? அவர் என்ன, தொட்டில்ல இருந்துகொண்டா பள்ளிக்கூடம் போனார்?"

"அப்ப ஆபீஸ்ல ஏன்…"

"வயசு கூடினா வேலைக்கு எடுக்க மாட்டாங்க. உங்க தாத்தா ஊர்ல எதெதுவோ செஞ்சு பார்த்து, ஒண்ணும் சரிவராமத்தான் லேட்டா வந்தவர். ஒன்பது வயசைக் குறைச்சு எழுதிக் கொடுத்தார். என் அப்பா அஞ்சுதான் குறைச்சார், அவருக்குத் தைரியம் பத்தலை. எங்க குவார்ட்டர்ஸ்ல முக்கால்வாசிப் பேருக்கு ரெண்டு வயசு. ஒண்ணு பிறந்த வயசு, மத்தது வேலை வயசு. அம்பத்தஞ்சுல பென்ஷன் குடுத்து அனுப்பினப்ப உங்க தாத்தாக்குப் பேரனைத் தூக்குற வயசு. கேக் வெட்டினப்ப ஆபீசே சிரிச்சுதாம், வெள்ளைக்காரனைத் தவிர."

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். கந்தையா தாத்தாவின் புளுகு நூறு வருஷம் ஓடியிருக்கிறது. இதை என்னால் நம்பாமல் இருக்க முடியவில்லை. எங்கள் ஆட்களைத் தெரிந்த யாராலும் நம்பாமல் இருக்க முடியாது. கவர்மெண்டு உத்தியோகத்துக்காக வயதைக் குறைப்பது அந்தக் காலத்தில் தலை வாரிக்கொண்டு நேர்முகத்துக்குப் போவது மாதிரி. உயிரோடு இருக்கும்வரை அதைக் கட்டிக் காக்கவும் வேண்டும், பென்ஷன் போய்விடக் கூடாதே. செத்த பிறகு அதைத் திருத்தவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்கு என்ன வந்தது என்று விட்டுவிட்டார்கள். வாசித்துக்கொண்டிருந்த ஒன்பது வயதுப் பிள்ளையை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

அத்தானின் சிரிப்பு நின்றுபோயிருந்தது. "அப்ப எங்க அப்பா? அவருக்கும் ரெண்டு வயசா?"

"கார்த்திகேசு எனக்கு ஒரு வயசு மூத்தவன். சேர்ந்து கோலி விளையாடியிருக்கோம். அவனுக்கு அம்பத்தெட்டுதான், அது சரி. ஒரு நாளைக்கு ஒரு டின் சிகரெட் ஊதினா வேற என்ன நடக்கும்? நான் எத்தனை தரம் சொல்லியிருக்கேன்." ஆன்டியின் குரல் கொஞ்சம் இறங்கியது. "அவன் கேக்கல. நீயாச்சும் கேளு மோன்."

அத்தான் ஆன்டி கொடுத்த கோப்பியைக் குடிக்கவில்லை. எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடியும் அறுபத்தேழா என்று கேட்டார், ஆன்டி அறுபத்தேழு என்றார். படம் கேட்க வந்த ஞாபகமே அவருக்கு இல்லை. நானும் நினைவுபடுத்தவில்லை. எனக்கு உள்ளே பொங்கிக்கொண்டு வந்தது. ஆன்டியின் காலில் விழலாமா என்றிருந்தது. வேதக்கார வீட்டில் அதற்கு என்ன நினைப்பார்களோ என்று கையைப் பிடித்து ஒரு முத்தம் கொடுத்துவிட்டு வந்தேன்.

திரும்பி வரும் வழியெல்லாம் ஜாம். அத்தான் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு லோரி எங்கள் பக்கமாக ஒதுங்கியது. சாதாரணமாகத்தான் ஒதுங்கியது, நான் தினமும் பார்க்கிற ஒதுங்கல்தான். அத்தான் சட்டென்று கதவுக்கு மேலே இருந்த பிடியைப் பிடித்தார்.

"மெதுவா போ சுரேகா. லோரி வருது."

நான் ஓட்டுகிற காரில் அவர் எத்தனையோ தரம் வந்திருக்கிறார். ஒரு தரம்கூட இப்படிச் சொன்னதில்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துவிட்டது. இடதுபக்கத் தடத்துக்கு மாறி, கல்யாண ஊர்வலம் மாதிரி ஓட்டினேன்.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார், "அந்த ஆபரேஷன்ல நெஞ்சைத் திறப்பாங்களா?"

"திறப்பாங்க."

"எவ்வளவு நேரம்?"

"எனக்கு எப்படித் தெரியும் அத்தான்? டாக்டர் சொன்னப்ப நீங்கதானே உட்கார்ந்து கேட்டீங்க?"

"நான் எங்க கேட்டேன்?" என்றார். அது உண்மைதான். அவர் கேட்கவே இல்லை.

வீட்டுக்குப் போனதும் நானே எல்லாவற்றையும் அக்காவிடம் கொட்டினேன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். தாத்தா மட்டும் அன்றைக்கு எதிரே வந்திருந்தால் நானே கத்தியிருப்பேன். ஒரு மனிதர் வேலைக்காகச் சொன்ன ஒரு பொய், செமினி வீட்டைத் தின்று, என் அக்காளின் முப்பது வருஷத் தூக்கத்தைத் தின்று, கடைசியில் ஆளையே தின்னப் பார்த்ததே! அக்கா கத்தவில்லை. நிதானமாகக் கேட்டாள். குளியலறைக்குள் போனாள். குழாய்த் தண்ணீர் வெகுநேரம் ஓடுகிற சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது முகம் கழுவிப் பவுடர் போட்டிருந்தாள்.

"டாக்டருக்கு நாளைக்குக் காலையில நானே போன் போடறேன். என்னங்க, போடவா?"

அத்தான் சரி என்று தலையை ஆட்டினார்.

அதற்குப் பிறகு அவர் வேறு ஆளாகிவிட்டார். சாலையைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பார்ப்பார், பார்த்துவிட்டு மறுபடியும் பார்ப்பார். கறிவேப்பிலை தொண்டையில் சிக்கிவிடும் என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரத்தில் வைப்பார். டாக்டரிடம் போனால் அத்தான் கேட்கிற கேள்விகளில் பின்னால் காத்திருக்கிறவர்கள் பெருமூச்சு விடுவார்கள். மயக்க மருந்து அதிகமாகிவிட்டால்? நடுவில் கரண்டு போய்விட்டால்? லிஃப்டில் முப்பது மாடி தொங்கியவர்! "ஜெனரேட்டர் இருக்கு அங்கிள்" என்று ஒரு தாதி பொறுமையாகச் சொன்னாள்.

அறுவைச் சிகிச்சை நடந்து நாலு மாதமாகிறது. வால்வு நன்றாக வேலை செய்கிறது, படி ஏறுகிறார். அந்தக் கதையில் சொல்ல ஒன்றுமில்லை. எனக்குச் சொல்லவேண்டியது அன்றைக்குக் காலையில் நடந்தது.

பச்சை கவுன் மாட்டித் தள்ளுபடுக்கையில் படுக்க வைத்திருந்தார்கள். கிருஷாந்த் பினாங்கிலிருந்து வந்து கால்மாட்டில் நின்றான். அக்கா தலைமாட்டில் நின்று அவர் கையைப் பிடித்திருந்தாள். உள்ளே கொண்டுபோகிற ஆள் வந்து, "போகலாமா அங்கிள்?" என்று கேட்டார். அத்தான் அக்காவின் கையை விடவில்லை. விரல்கள் வெளுக்கிற அளவுக்குப் பிடித்திருந்தார். காது சிவந்திருந்தது. கோபம் இல்லை.

"நிரா" என்றார். "எனக்குப் பயமா இருக்கு."

சொல்லிவிட்டு அழுதார். பிள்ளை முன்னால், என் முன்னால், முன்பின் தெரியாத அந்த ஆள் முன்னால், மூக்கு ஒழுக அழுதார். "இத்தனை நாள் எனக்குத் தெரியும்னு நினைச்சேன் நிரா. இப்ப ஒண்ணும் தெரியல. திரும்பி வருவேனா, மாட்டேனா, ஒண்ணுமே தெரியல."

என் அக்கா சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை அவள் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்க, குனிந்து அவர் நெற்றியைத் துடைத்தாள்.

"யாருக்குங்க தெரியும்? எனக்கு என்னைக்காச்சும் தெரிஞ்சுதா? முப்பது வருஷமா இந்த வீட்டுல நான் ஒருத்திதான் பயந்துக்கிட்டு இருந்தேன். இப்பதான் துணைக்கு நீங்க வந்திருக்கீங்க."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். படுக்கையைத் தள்ளினார்கள். கதவுவரைக்கும் அவர் கையை விடாமல் அவள் கூடவே நடந்து போனாள்.